சென்னை சொன்னாத்தான் எங்கட பெடியனா?

ஹெந்தளையில் யாரிடமாவது ஏடிகே பற்றிக் கேட்டுப் பாருங்கள். "பிக் பாஸ்ல வந்தவர்தானே?" என்பார்கள். கொஞ்சம் பாட்டுக் கேட்கிறவர் என்றால், "ரஹ்மான்ட 'மகுடி' பாடினவர்" என்பார். ஆர்யன் தினேஷ் கனகரத்தினம் பாடிய 'கடல்' படம் வந்தது 2013இல். பிக் பாஸுக்குப் போனது 2022இல். அதற்கெல்லாம் பல வருசம் முன்பே மனுசன் தமிழில் ராப் பண்ணிக்கொண்டு இருந்தது இந்தக் கொழும்பில்தானே? அப்ப எங்கட காது எங்க போச்சு?

சென்னை முத்திரை குத்தினால்தான் எங்கட பெடியன் எங்களுக்கே கலைஞன். இதுதான் எங்கட வருத்தம்.

லண்டனில் டிரம் அண்ட் பேஸ் இசைக்கு மைக் பிடித்த எம்சி ஸ்டீவி ஹைப்பர் டியைப் பாருங்கள். 1998இல் இறந்துவிட்டார். அவரைத் தூக்கிவிட்டது சினிமா இல்லை. விடிய விடிய நடந்த ரேவ்களில் பதிவான கசெட்டுகளைக் காசு கொடுத்து வாங்கிய சனம்.

நாங்கள்? அண்மையில் எங்கட பக்கம் ஒரு மியூசிக்கல் ஷோ. போஸ்டரில் சவுண்ட்ஸ்காரர் பெயர் இருந்தது, லைட்காரர் பெயரும் இருந்தது. அரை மணித்தியாலம் சனத்தை ஆடவைத்த ராப் பெடியன்ட பெயர் இல்லை. காசு கேட்டதற்கு, "சான்ஸ் தந்ததே பெரிசு தம்பி" என்றார்களாம். எழுதிப் பாடுறதும் வேலைதான் அண்ணாமாரே!

அடுத்த போஸ்டரில் அவன்ட பெயரைப் போடுங்கள். மேடையால இறங்கும்போது கையில் காசைக் கொடுங்கள். பிறகு அவன் சென்னைக்குப் போனால், "எங்கட பெடியன்" என்று தாராளமாகச் சொல்லுங்கள்.