கேட்பவர் மனம் நோகாமல் கற்பிப்போம்

ஜார்ஜ்டவுனில் இடைநிலைப்பள்ளி மாணவி ஒருத்தி, லினக்ஸ் இயங்குதளத்தில் முதன்முறையாகக் கட்டளைத் திரையைத் திறக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். படங்களும் பொத்தான்களும் இல்லாத கறுப்புத் திரை அது. ஓர் எழுத்து பிழைபட்டாலும் கணினி ஏற்க மறுக்கிறது. அவள் அனுபவசாலிகளிடம் உதவி கேட்கிறாள். “கையேட்டைப் படி!” என்ற பதில் மட்டுமே கிடைக்கிறது. அவள் மறுமுறை கேட்பாளா?

அனுபவசாலிகளின் பக்கமும் நியாயம் உண்டு. அவர்கள் ஊதியமின்றித் தங்கள் ஓய்வு நேரத்தில் உதவுகின்றனர். ஒரே கேள்வி பலமுறை வந்தால் சலிப்பு ஏற்படுவது இயல்பே. எனவே, கேட்பவர் தாம் தட்டச்சு செய்த கட்டளையையும் திரையில் தோன்றிய பிழைச் செய்தியையும் அப்படியே தெரிவிக்க வேண்டும். எனினும், சலிப்பைக் காரணம் காட்டிப் புதியவரை ஏளனம் செய்வதை ஏற்க இயலாது.

‘அடியாத மாடு படியாது’ என்பர் சிலர். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸும் கடுமையான மின்னஞ்சல்கள் எழுதுவதில் பெயர் பெற்றவர். ஆனால், 2018 செப்டம்பரில் அவரே அதற்கு மன்னிப்புக் கேட்டு, சில வாரங்கள் பணியிலிருந்து விலகியிருந்தார். அதே மாதத்தில் லினக்ஸ் மேம்பாட்டாளர்களுக்கான நன்னடத்தை விதிகளும் ஏற்கப்பட்டன. 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, தம் முயற்சியைப் பற்றி முன்பின் அறியாதவர்களிடம் கருத்துக் கேட்டவர்தாம் அவர். அம்முயற்சியே இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கும் அடித்தளமாக விளங்குகிறது.

பண்பு என்பது இனிமையாகப் பேசுவது மட்டுமன்று. ஒரு கட்டளை என்ன செய்யும் என்பதை விளக்கிய பிறகே அதைத் தட்டச்சு செய்யச் சொல்ல வேண்டும். ‘ஆர்எம்’ கட்டளையால் அழிக்கப்படும் கோப்புகள் குப்பைத்தொட்டிக்குச் செல்வதில்லை. விளையாட்டாக அதைப் புதியவரிடம் கூறினால், அவரின் பல மாத உழைப்பு நொடிப்பொழுதில் மறைந்துவிடக்கூடும். கையேட்டைச் சுட்டிக்காட்டுவதும் தவறன்று. ‘மேன்’ கட்டளையால் அதைத் திறக்கும் முறையையும் படிக்க வேண்டிய பகுதியையும் சேர்த்துச் சொன்னால் அது சிறந்த உதவியாகும்.

1970-களில் பாயான் லெப்பாசில் தொழிற்சாலைகள் தொடங்கப்பட்டது முதல் பினாங்கு மின்னணுத் துறையில் பெயர் பெற்று வருகிறது. இத்துறைக்கு நாளை செல்லவிருக்கும் இளையோர் இன்று கேள்வி கேட்க அஞ்சினால், அவ்விழப்பு அவர்களுக்கு மட்டுமன்று, நமக்கும்தான். ஆகவே, நாமும் ஒருநாள் அந்தக் கறுப்புத் திரையின் முன் திகைத்து நின்றவர்களே என்பதை நினைவில் கொண்டு விடையளிப்போம்.