சூரியன் தரும் ஹைட்ரஜன் முதலில் யாருக்கு?

"தண்ணீரில் ஓடும் கார் வரப்போகிறதாமே!" என்ற பேச்சு எங்கள் மன்னவனூர்த் தேநீர்க் கடையிலும் கேட்கிறது, கல்லூரி விடுதியிலும் கேட்கிறது. பேசுகிறவர்களைக் குறை சொல்வதற்கில்லை. காரட்டும் உருளைக்கிழங்கும் பூண்டும் ஏற்றிய லாரி எங்கள் ஊரிலிருந்து கொடைக்கானல் வந்து சேரவே முப்பது கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து வரவேண்டும்; பிறகு சமவெளிக்கு இறங்க வேண்டும். டீசல் விலை ஏறினால் லாரி வாடகை ஏறும். வாடகை ஏறினால் விவசாயி கையில் நிற்கும் காசு குறையும். வெயிலையும் தண்ணீரையும் கொண்டே வண்டி ஓட்டலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? அந்த ஆசையைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது அறிவியல் படிக்கும் நம்முடைய கடமையாகும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். தண்ணீர் எரிபொருள் அன்று. ஹைட்ரஜன் எரிந்து முடிந்தபின் கிடைப்பதே தண்ணீர். விறகுக்குச் சாம்பல் எப்படியோ, ஹைட்ரஜனுக்குத் தண்ணீர் அப்படி. சாம்பலை மீண்டும் விறகாக்க வேண்டுமானால் வெளியிலிருந்து ஆற்றலைக் கொடுத்தாக வேண்டும். இந்த எளிய உண்மையை மறந்ததால்தான், 1996-இல் தண்ணீரும் மூலிகையும் சேர்த்துப் பெட்ரோல் செய்வதாக நம் மாநிலத்தில் எழுந்த பேச்சை நாடே நம்பியது. இருபது ஆண்டுகள் கழித்து, 2016-இல், அது மோசடி என்று சென்னை நீதிமன்றம் தண்டனை விதித்தது.

அப்படியானால் தண்ணீரைப் பிரிக்கும் ஆற்றலைச் சூரியன் தர முடியாதா? தாராளமாகத் தரும். சூரியனே பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆன கோளம்தான். 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் வானாய்வுக் கூடத்தில், ஹைட்ரஜன் வெளியிடும் சிவப்பு ஒளியிலேயே சூரியனைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சூரிய ஒளி நேரடியாகவே தண்ணீரைப் பிரிக்கும் என்று 1972-இல் ஜப்பானிய அறிஞர்கள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடைக் கொண்டு உலகுக்கு அறிவித்தார்கள். ஆனால் அரை நூற்றாண்டு உழைப்புக்குப் பின்னும் இந்த நேர்வழி குறுகலாகவே இருக்கிறது. 2021-இல் ஜப்பானில் 100 சதுர மீட்டர்ப் பலகைகளை வைத்துச் செய்த பெரிய சோதனையில், விழுந்த ஒளியில் அதிகபட்சம் 0.76 விழுக்காடே ஹைட்ரஜனில் சேர்ந்தது. ஆகவே இன்றைக்குக் கைகொடுப்பது சுற்றுவழிதான்: சூரியத் தகட்டில் மின்சாரம் எடுத்து, அதைக் கொண்டு தண்ணீரை மின்னாற்பகுப்புச் செய்வது. நம் வேதியியல் ஆய்வகத்து வோல்டாமீட்டரில் நடப்பதன் பெரிய உருவம் அது.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க வேதியியல் கணக்கின்படி ஒன்பது லிட்டர் தண்ணீர் போதும். ஆனால் மின்சாரமோ 50 முதல் 55 யூனிட் வரை வேண்டும். அந்த ஒரு கிலோ வாயு சாதாரண அழுத்தத்தில் 11,000 லிட்டருக்கு மேல் இடம் அடைக்கும். காரில் வைக்க வேண்டுமானால் வளிமண்டல அழுத்தத்தைப் போல 700 மடங்குக்கு அதை அழுத்தி அடைக்க வேண்டும். இவ்வளவும் செய்தபின் எரிபொருள் மின்கலம் பொருத்திய கார் அதைக் கொண்டு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓடும். அதே 55 யூனிட்டை நேராக ஒரு மின்சாரக் காரின் பேட்டரியில் ஏற்றினால் 300 கிலோமீட்டர் போகலாம். மூன்று பேர் சாப்பிடும் சோற்றை ஒருவருக்கே போட்டால் அது சிக்கனமாகுமா? சொந்தக் காருக்கு ஹைட்ரஜன் தேவையில்லை என்பதே என் கருத்து.

அதற்காக ஹைட்ரஜனே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அதற்கு வேறொரு பெரிய வேலை காத்திருக்கிறது. இந்தியா ஆண்டுதோறும் ஏறத்தாழ 50 லட்சம் டன் ஹைட்ரஜனைப் பயன்படுத்துகிறது; எண்ணெய்ச் சுத்திகரிப்புக்கும் உரத்துக்குமே அதில் பெரும்பங்கு போகிறது. ஏறக்குறைய அத்தனையும் இயற்கை எரிவாயு முதலியவற்றிலிருந்து, கரியமில வாயுவை வெளியே விட்டு எடுக்கப்படுவதே. எங்கள் ஊர் வயலுக்கு மலையேறி வரும் யூரியா மூட்டைக்கு மூலப்பொருள் அம்மோனியா; அம்மோனியாவுக்கு மூலப்பொருள் ஹைட்ரஜன். இங்கே பேட்டரி உதவாது. ஹைட்ரஜனுக்கு ஹைட்ரஜனே வேண்டும். தூத்துக்குடியில் யூரியா ஆலையும் இருக்கிறது, அங்குள்ள வ.உ.சி. துறைமுகத்தில் 2025-இல் பசுமை ஹைட்ரஜன் முன்னோடி நிலையமும் திறக்கப்பட்டிருக்கிறது. வெயில் காயும் தென் மாவட்டங்களில் மின்சாரம் எடுத்து, அங்கேயே ஹைட்ரஜனும் உரமும் செய்வதே அறிவுடைமை. மாதக் கணக்கில் மூடுபனி போர்த்தும் எங்கள் மலையில் அதைச் செய்யப் புறப்படுவது வீண்.

அடுத்த இடம் கனமான வண்டிகளுக்கு. நீண்ட தூரம் பாரம் சுமக்கும் லாரிக்குப் பேட்டரியே பெரும் பாரமாகிவிடலாம். லடாக்கின் லே நகரில், 3,650 மீட்டர் உயரத்தில், என்.டி.பி.சி. நிறுவனம் 1.7 மெகாவாட் சூரிய மின்நிலையத்துடன் ஹைட்ரஜன் நிரப்பும் நிலையம் அமைத்து, 2024-இல் ஐந்து பேருந்துகளை அளித்தது. மலைச்சாலைக்கு இது நல்ல சோதனை. அதன் செலவையும் வரவையும் மறைக்காமல் வெளியிட்டால், நம் மலைகளுக்குப் பேருந்தா லாரியா, பேட்டரியா ஹைட்ரஜனா என்று அளந்து முடிவு செய்யலாம்.

"விலை குறைந்தால் கார்களுக்கும் கொடுத்தால் என்ன?" என்று நண்பர்கள் கேட்கலாம். கொடுக்கட்டும், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் 2023-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கீடு. அது மக்கள் பணம். அந்தப் பணத்தில் விளையும் முதல் கிலோ ஹைட்ரஜன் உழவனின் உரத்துக்கும், அவன் விளைச்சலைச் சுமக்கும் வண்டிக்கும், ஊரார் ஏறும் பேருந்துக்கும் போகட்டும். காரின் முறை அதற்குப் பின்புதான்.

வெயில் எல்லோருக்கும் பொது. அதிலிருந்து எடுக்கும் ஆற்றலும் எல்லோருக்கும் பயன்பட வேண்டுமானால், கணக்குத் தெரிந்த இளைஞர்கள் வாய் திறக்க வேண்டும்.