கேமரா இருந்தால் போதுமா?

மேச்சேரி ஆட்டைத் தெரியாதவர் சேலம் பக்கம் குறைவு. பொட்டனேரியில் அதற்கென்று ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆனால் அந்த ஆடு மேயும் மேட்டுக்காட்டில் குடுகுடுவென்று ஓடுகிற பழுப்புக் குருவிக்குப் பெயர் என்ன? "ஒரு போட்டோ எடுத்து நெட்ல போடுங்க, யாராவது சொல்வாங்க" என்பார்கள்.

அங்கேதான் வம்பே ஆரம்பம்.

அந்தக் குருவி நெட்டைக்காலி. வருஷம் பூரா இங்கேயே இருப்பது வயல் நெட்டைக்காலி. குளிர்காலத்தில் ரிச்சர்ட் நெட்டைக்காலி, பிளித் நெட்டைக்காலி என்று இரண்டு விருந்தாளிகளும் தமிழ்நாட்டுக்கு வரும். மூன்றும் அண்ணன் தம்பி ஜாடை. ரிச்சர்ட்தான் பெரியது. ஆனால் தனியாக நிற்கும் குருவியின் படத்தில் உயரம் எப்படித் தெரியும்? சாயங்கால வெயிலில் எடுத்தால் எல்லாமே பொன்னிறம்தான் :) கிளம்பும்போது ரிச்சர்ட் போடும் கரகரத்த சத்தத்தை எந்த லென்ஸும் பிடிக்காது. பல தடவை கேட்ட காதுக்குத்தான் பொறி தட்டும்.

அதற்காக, "முப்பது வருஷமா பாக்கறேன், எனக்குத் தெரியாதா?" என்பவர்களையும் நம்பிவிட முடியாது. மடித்த இறக்கையின் மேல் வரிசையாக உள்ள சிறு இறகுகளைப் பாருங்கள். பிளித்துக்கு நடுக் கறுப்பு சதுரமாக வெட்டினாற்போல இருக்கும், ரிச்சர்டுக்குக் கூராக நீளும் (வளர்ந்த பறவையில்தான், இளசுகள் இதிலும் ஏமாற்றும்). ஓடுகிற குருவியில் இதைக் கண்ணால் பிடிப்பது குதிரைக்கொம்பு. படத்தில் நிதானமாகப் பார்க்கலாம்.

ரமணா ஆத்ரேயா என்ற வானியல் ஆராய்ச்சியாளர் 1995-ல் அருணாசலப் பிரதேசத்தின் ஈகிள்நெஸ்ட் காட்டில் இனம் தெரியாத ஒரு பறவையைப் பார்த்தார். அவசரப்படவில்லை. 2006-ல் வலையில் சிக்கியதைப் படமெடுத்து, சில இறகுகளை மட்டும் வைத்துக்கொண்டு பறக்கவிட்டார். சுட்டுப் பாடம் பண்ணாமலே 'புகுன் லியோசிக்லா' புதிய இனமாக ஏற்கப்பட்டது. வெறும் படத்துக்காகவா? படம், இறகு, குரல் பதிவு, வருஷக்கணக்கில் காட்டில் பார்த்த அனுபவம், எல்லாம் சேர்ந்துதான்.

இங்கே என்ன நடக்கிறது? பார்த்த இடத்தைக்கூட எழுதாமல் படம் போடுகிறார்கள். கீழே முதலில் யார் எந்தப் பெயரைச் சொன்னாலும் அதையே பட்டியலில் ஏற்றிவிடுகிறார்கள். 2023-ல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட சாதாரண ஆர்வலர்கள் கொடுத்த சுமார் 3 கோடிப் பதிவுகளை வைத்துத் தயாரானது. வெட்டவெளிப் பறவைகள் வேகமாகக் குறைகின்றன என்று சொன்னதும் அதுதான். மேட்டுக்காடெல்லாம் பிளாட் ஆகிற காலத்தில், இங்கே எது இருந்தது என்று நாளைக்குத் தேடுகிறவனுக்கு இந்தப் பட்டியல்தானே மிச்சம்?

படத்தோடு நாலு வரி எழுத என்ன கேடு? சத்தம் கேட்டதா, எந்த மாதம், உழவுக் காடா, புல்லா? அப்படியும் புரியவில்லையா, 'நெட்டைக்காலி, இனம் தெரியவில்லை' என்று பதியலாமே. ஈபேர்டில் அதற்கும் இடம் இருக்கிறது.