ஊர் சுத்தலாம் வாங்க: டெத் வேலிக்குத் தண்ணி கேன் ரெடியா?

பேரைக் கேட்டாலே பேய்ப் படம் ஞாபகம் வருதா ஃப்ரெண்ட்ஸ்? டெத் வேலி... அதாவது மரணப் பள்ளத்தாக்கு! அமெரிக்காவுல கலிஃபோர்னியா - நெவாடா எல்லையில இருக்குற பாலைவன தேசியப் பூங்கா. லாஸ் வேகாஸ்ல இருந்து காருல ரெண்டு மணி நேரம்தான். எம்.எஸ். படிக்கப் போன சீனியர்கள் லீவுல வாடகை கார் எடுத்து, செலவைப் பங்கு போட்டுக்கிட்டுக் கிளம்புற ரூட்டுல இதுவும் ஒண்ணு. நாளைக்கு நீங்களும் போகலாம். அதனால இந்த வாரம் அங்கேயே டென்ட் அடிப்போம்!

முதல்ல கொஞ்சம் ஜி.கே. இங்க இருக்குற 'பேட்வாட்டர்' உப்புத் தரை, கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே. காரை நிறுத்திட்டு அண்ணாந்து பார்த்தா, எதிர்ல பாறை உச்சியில 'கடல் மட்டம்'னு ஒரு போர்டு தொங்கும். 1913 ஜூலை 10-ந் தேதி இங்க பதிவான வெப்பம் 56.7 டிகிரி செல்சியஸ். சில ஆராய்ச்சியாளர்கள் சந்தேகப்பட்டாலும், அதிகாரப்பூர்வ உலக சாதனை இன்னும் அதுதான்.

ஏன் இந்தக் கொதி கொதிக்குது? கடல்ல இருந்து வர்ற மேகத்தை மேற்குப் பக்க மலைகளே பிழிஞ்சு எடுத்துடும். மிச்சம் வர்றது காய்ஞ்ச காத்துதான். வருஷத்துக்கே சுமார் 5 செ.மீ. மழை. பள்ளத்துல சூடாகுற காத்து மேல போனாலும், சுத்தி நிக்குற மலைகளைத் தாண்ட முடியாம திரும்பக் கீழேயே இறங்கி இன்னும் சூடாகும். மூடி போட்ட அடுப்பு மாதிரி!

அதனால போறதா இருந்தா நவம்பர் டு மார்ச். பகல்ல இதமா இருக்கும். ராத்திரி நடுக்கும், பாலைவனம்தானேன்னு ஸ்வெட்டரை விட்டுட்டுப் போகாதீங்க. 'ஃபர்னஸ் க்ரீக்'ல கேம்ப் போட சீசன்ல முன்பதிவு அவசியம். அந்த இடமே கடல் மட்டத்துக்கு 60 மீட்டர் கீழேதான்! படுத்துக்கிட்டு மேல பார்த்தா பால்வெளி மண்டலம் கண்ணுக்குத் தெரியும். இருட்டைப் பாதுகாக்குறதுக்காகவே 2013-ல சர்வதேச அங்கீகாரம் வாங்கின வானம் அது.

எங்க டென்ட் அடிச்சாலும் காய்ஞ்ச ஓடைத் தடத்துல மட்டும் அடிக்கக் கூடாது. எங்கேயோ மலையில பெய்யுற மழை, இங்க வெள்ளமா வந்து நிக்கும். 2023 ஆகஸ்ட்ல 'ஹிலரி' புயலோட மிச்சம் ஒரே நாள்ல ஒரு வருஷ மழையைக் கொட்டிட்டுப் போச்சு. ரோடெல்லாம் பிய்ஞ்சு, பூங்காவை ரெண்டு மாசம் மூடிட்டாங்க. காமெடி என்னன்னா, பேட்வாட்டர்ல தேங்கின தண்ணியில அடுத்த பிப்ரவரியில ஜனங்க படகு விட்டாங்க!

நடக்குறதுக்கு 'கோல்டன் கேன்யன்' சூப்பர். மஞ்சள் மண் சுவர்களுக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு போற பாதை. 1977-ல வந்த முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தோட சில காட்சிகள் இங்கேயும், 'மெஸ்கீட்' மணல் மேடுகள்லயும் எடுத்ததுதான். ஆர்வம் அதிகம்னா 'ரேஸ்ட்ராக்'. ஆளே தள்ளாம பாறைகள் தானா நகர்ந்து கோடு போட்ட தரை. இதோட மர்மம் 2014-லதான் அவிழ்ந்துச்சு. ராத்திரி உறையுற மெல்லிய பனித்தகடு, பகல்ல உடைஞ்சு காத்துல நகரும்போது பாறையையும் தள்ளிட்டுப் போகுதாம். ஆனா அங்க போற கரடுமுரடு ரோட்டுக்கு உயரமான வண்டி வேணும், சாதா வாடகை கார் தாங்காது.

இப்போ சீரியஸ் மேட்டர். 2024 ஜூலையில ஆறு பேர் பைக்ல இந்தப் பக்கம் வந்தாங்க. வெயில் 53 டிகிரி. ஒருத்தர் இறந்துட்டார். மருத்துவ ஹெலிகாப்டர் வரலாமேன்னு கேட்பீங்க. அவ்வளவு சூட்டுல காத்து லேசாயிடும், ஹெலிகாப்டரால பத்திரமாப் பறக்க முடியாது! பூங்காவுல பெரும்பாலான இடத்துல செல்போன் சிக்னலும் கிடையாது. அதனால:

* ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைஞ்சது 4 லிட்டர் தண்ணி. கார்ல அதுக்கு மேலயும் ஸ்டாக் வேணும்.
* வெயில் காலத்துல காலை 10 மணிக்கு மேல பள்ளத்தாக்குல நடைப்பயணம் கூடாது.
* வழிக்குக் காகித மேப்.
* வண்டி நின்னுட்டா அதை விட்டு நடக்காதீங்க. தேடுறவங்க கண்ணுக்கு ஆளைவிட கார்தான் சீக்கிரம் தெரியும்.
* தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வந்தா உடனே நிழல், தண்ணி, ஈரத் துணி.

கடைசியா அந்தப் பேர் விஷயம். 1849-ல தங்கம் தேடிக் கிளம்பின கூட்டம் வழி தப்பி இங்க மாட்டி, தப்பிச்சுப் போகும்போது வெச்ச பேர் அது. அவங்கள்ல இங்க இறந்ததாத் தெரியுறது ஒரே ஒருத்தர். ஆனா அதுக்கு ரொம்ப காலம் முன்னாடியே டிம்பிஷா ஷோஷோனி மக்கள் இங்க குடும்பம் குழந்தைகளோட வாழ்ந்துக்கிட்டு இருந்தாங்க, இன்னிக்கும் இருக்காங்க. 'மரணம்'ங்கிற பேர் அவங்களுக்குப் பிடிக்காது. கோடை வந்தா குளிர்ந்த மலைக்கு ஏறிடுவாங்க, குளிர்காலத்துல கீழே இறங்குவாங்க. மண்ணும் காலமும் தெரிஞ்சவங்களுக்கு இது வீடு. தெரியாம வீறாப்பா வர்றவங்களுக்குத்தான் அந்தப் பேர். நீங்க எந்தப் பக்கம் பாஸ்?

அடுத்த வாரம் வேற ரூட்டுல மீட் பண்ணலாம்!