சுமை வண்டியா, சுக வண்டியா?

கையில் சிறிது பொருள் சேர்ந்ததும் பழைய வாகனம் ஒன்று வாங்கலாமே என்னும் எண்ணம், பிழைப்பை நாடி வெளி மாநிலம் வந்த நம்மவர் இல்லங்களில் எழுவது இயல்பே. தந்தையின் மனம் பிக்-அப் வண்டியை நாடும். மைந்தனின் மனமோ இரண்டு கதவுள்ள ஸ்போர்ட்ஸ் கூப்பேயை நாடும். இரண்டையும் சீர்தூக்கிப் பார்ப்போம்.

முதலில், மகேந்திரா பொலிரோ பிக்-அப். இதன் சில வகைகள் 1 டன்னுக்கு மேலும் பாரம் தாங்கும். பழுது பார்ப்போரும் உதிரி பாகங்களும் எளிதிற் கிடைப்பர், கிடைக்கும். ஆயினும் அது உழைத்துத் தேய்ந்த வண்டி என்பதை மறத்தலாகாது. பின்புற வில்பட்டைகள் அமுங்கியுள்ளனவா, அடிச்சட்டத்தில் வெல்டிங் தழும்பு உண்டா என்று குனிந்து நோக்குதல் வேண்டும். 8 ஆண்டுகள் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெறவேண்டும். பின்தட்டில் குடும்பத்தை ஏற்றிச் செல்லவும் சட்டம் இடந்தராது.

இனி, ஆடி டி.டி. கூப்பே. கண்ணுக்கு அழகு, தாழ்ந்த உருவமாதலின் வளைவுகளில் உறுதியாகத் திரும்பும். அதே தாழ்வினால் வேகத்தடைகளில் அடிப்பாகம் உராயும். பின்னிருக்கை சிறுவர்க்கே போதும். 2023-இல் இதன் உற்பத்தியே நின்றுவிட்டது. வண்டியின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கும். உதிரி பாகத்தின் விலையோ அதனுடன் சேர்ந்து இறங்குவதில்லை. மலிவாகக் கிடைத்ததென்று மகிழ்ந்தவர் முதற் பழுதிலேயே இவ்வுண்மையை உணர்வர்.

எதை வாங்கினும் பத்திரங்களில் கருத்து வேண்டும். கடன் தீர்ந்து, பதிவுச் சான்றிலிருந்து அடமானக் குறிப்பு நீங்கியுள்ளதா என்று பாருங்கள். பிற மாநிலப் பதிவாயின் தடையின்மைச் சான்று கட்டாயம். வாங்கியவர் 30 நாட்களுக்குள் உரிமை மாற்றத்துக்கு விண்ணப்பித்தல் வேண்டும். சொந்த ஊரில் வாங்கிய வண்டியை இங்கு 12 மாதத்துக்கு மேல் வைத்திருப்பின் மறுபதிவும் தேவை.

முடிவாக ஒரு சொல். பிக்-அப்பைக் கடன் பட்டும் வாங்கலாம். ஆனால் நாள்தோறும் ஏற்றுவதற்குச் சரக்கு முன்னரே உறுதியாக இருத்தல் வேண்டும். வெறுமனே நிற்கும் சுமை வண்டியும் ஓர் ஆடம்பரமே. கூப்பேயோ, பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் மருத்துவம், ஊர்ப் பயணம் ஆகிய யாவும் போக எஞ்சிய பணத்தில் மட்டுமே வாங்கத்தக்கது. வண்டி நம்மைச் சுமக்கவேண்டுமேயன்றி, நாம் வண்டியைச் சுமக்கலாகாது.