'ஐயா' எனத் தொடங்கும் கடிதங்கள்

ஓசூர்ச் சிப்காட் வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து நம் குடும்பத்துப் பெண்மணி ஒருவருக்கு அண்மையில் பணி நியமனக் கடிதம் வந்தது. உறையின் மீது அவர் பெயர் பிழையின்றி இருந்தது. உள்ளேயோ 'அன்புடைய ஐயா' என்று தொடங்கி, 'ஒர்க்மேன் தம் மனைவியின் பெயரைக் குறிப்பிட வேண்டும்' என்று தொடர்ந்தது. வீட்டிலிருந்தோர் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை, இது யாருக்கு எழுதிய கடிதம் என்று கேட்டார்.

அச்சுப் படிவத்தின் பழைய வழக்கம்தானே, இதற்கோர் ஆத்திரமா என்பர் சிலர். போச்சம்பள்ளி ஆலை முழுவதையும் 10,000 பெண்களே நடத்துவர் என்று ஓலா நிறுவனம் 2021-இல் அறிவித்தது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான். பெண்ணின் உழைப்பை வாயிலில் நின்று வரவேற்போர், அவளுக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் ஆணைத் தேடுவது முறையோ?

ஆண்பாற் சொல் பெண்ணையும் அடக்கும் என்று 1897-ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டமே கூறுகிறதே எனலாம். கூறுகிறது. ஆயினும் அதே சட்டம் நிலவும் நாட்டில்தான், 1923-இல் 'ஒர்க்மென்' பெயரால் பிறந்த இழப்பீட்டுச் சட்டத்தை 2009-இல் நாடாளுமன்றம் திருத்தி, 'எம்ப்ளாயீ' என்று பெயர் மாற்றியது. 2020-இன் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் 'ஒர்க்மேனை' விடுத்து 'ஒர்க்கர்' என்கிறது. சட்டம் இயற்றுவோர் கைவிட்ட சொல்லை ஆலை எழுத்தர் ஏன் கட்டிக்கொண்டு அழுகிறார்?

இஃது மேனாட்டு மோகம் என்பாரும் நம்மிடையே உளர். அவர்கள் வரலாற்றைத் திரும்பிப் பார்க்கட்டும். திருமறையில் ஆண்கள் குறிக்கப்படுவதுபோல் பெண்களாகிய நாங்கள் ஏன் குறிக்கப்படவில்லை என்று அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவினார்கள். அதன்பின் அருளப்பட்டது 33-ஆம் அத்தியாயத்தின் 35-ஆம் வசனம் என்பர் விரிவுரையாளர்கள். ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே, ஒன்றன்பின் ஒன்றாக, பத்து முறை இணைத்துச் சொல்லும் வசனம் அது. 'உங்களையும் சேர்த்துத்தான் சொன்னது' என்ற சமாதானம் அங்கே தரப்படவில்லை.

ஆதலின், எங்கும் பொதுச் சொல்லே போதும் என்றும் நாம் வாதிடவில்லை. மகப்பேற்று விடுப்பு, இரவுப் பணிப் பாதுகாப்பு முதலியன பெண்ணின் உரிமையாகும் இடத்தில், பெண் என்றே எழுதுக. மற்ற இடங்களில் பொதுச் சொல் எழுதுக.

அப்பொதுச் சொல்லுக்குத் தமிழில் பஞ்சமா? பலர்பாலுக்குரிய 'அவர்' என்னும் சொல்லே ஒருவரை மதித்துச் சுட்டவும் வந்து நிற்கிறது; 'வந்தார்' என்றால் ஆணோ பெண்ணோ, மதிப்பு ஒன்றே. ஓசூர்க் கடைத்தெருவில் கேட்கும் கன்னடத்தின் 'அவரு'வும், தெலுங்கின் 'வாரு'வும், உருதுவின் 'ஆப்'பும் அத்தகையனவே. 'மேன்பவர்' என்று ஆங்கிலத்தில் ஆணை நிறுத்திய இடத்தில் நம் 'ஆள்' இருபாலரையும் நிறுத்தும். ஃபோர்மேனுக்கு மேற்பார்வையாளர் இருக்கிறார். பெயர் அறிந்தால் 'இன்னார் அவர்களுக்கு' என்க. அறியாவிடில் பதவியைக் குறித்து 'மேலாளர் அவர்களுக்கு' என்க. நம் முன்னோர் கடிதங்களில் எழுதிய 'பெருந்தகையீர்' என்ற விளியைப் பெட்டியில் பூட்டிவைத்தது யார்? ('ஆசிரியர்' இருக்க 'ஆசிரியை' எதற்கு என்பது வேறொரு வழக்கு, பிறிதொரு நாள் பேசுவோம்.)

ஆலைகளைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்பிவிட முடியாது. நம் மஹல்லாக்களிலிருந்து வீடுகளுக்குச் செல்லும் அறிவிப்புகளில் எத்தனை 'ஜனாபா' என்று தொடங்குகின்றன? கணவரை இழந்து, தாமே குடும்பம் நடத்தும் பெண்ணின் வீட்டுக்கும், அவர் மகன் பன்னிரண்டு வயதுச் சிறுவனாயினும், அம்மகன் பெயரிட்டே 'ஜனாப்' என்று உறை வருவதை நாம் கண்டிருக்கிறோம். சந்தா செலுத்துபவர் அவர். முகவரியில் இடமில்லாதவரும் அவர்.

நியமனக் கடிதம் பெற்ற நம் பெண்மணி, 'ஐயா'வை அடித்துவிட்டு அங்கே தம் பெயரையும், 'மனைவி' என்ற இடத்தில் 'கணவர்' என்றும் எழுதி, கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பினார். வேலையில் சேர்ந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. திருத்திய படிவம் இன்னும் வரவில்லை.