நிறம் நீங்கினால் மட்டும் போதாது: நானோ கூட்டுப்பொருள் வழியிலான சாயக்கழிவுச் சுத்திகரிப்பு குறித்த எங்கள் நிலைப்பாடு

சாயக்கழிவு நீரைச் சுத்திகரிக்க நானோ கூட்டுப்பொருள்களைப் பயன்படுத்தும் முயற்சியை எங்கள் அமைப்பு வரவேற்கிறது. ஆனால், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற விதிக்கு அது மாற்றாகாது. நிறம் நீங்கிவிட்டது என்பதற்காக அந்த நீரை ஓடையில் விட அனுமதிக்கக் கூடாது.

ஆண்டிபட்டி வட்டாரத்தில் சக்கம்பட்டியும் டி.சுப்புலாபுரமும் நெசவை நம்பி வாழும் ஊர்கள். நூலுக்குச் சாயமேற்றாமல் அங்கே தொழில் இல்லை. 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையும் அதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாயும் முல்லைப் பெரியாறு, வைகையில் கலந்து இந்த அணைக்கே வருகிறது. மதுரை வரை குடிநீருக்கு இதைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

கவனமின்மையின் விலையைத் திருப்பூரில் பார்த்துவிட்டோம். பாசனத்துக்காக நொய்யல் ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமானது. அங்கே விவசாயிகள் நிலத்தை இழந்தார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது தொழிலாளர்களும் வேலை இழந்தார்கள்.

நானோ கூட்டுப்பொருள்களில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற வினையூக்கிகள் ஒளியின் துணையோடு சாய மூலக்கூறுகளை உடைக்கின்றன. டைட்டானியம் டை ஆக்சைடு தனியாக இருந்தால் வெயிலில் சிறு பங்கேயான புற ஊதாக் கதிர்தான் பயன்படும். கிராபீன் போன்றவற்றோடு சேர்க்கும்போது கண்ணுக்குத் தெரியும் ஒளியும் உதவுகிறது. காந்த இரும்பு ஆக்சைடு கலந்த பொருளை வேலை முடிந்ததும் காந்தத்தால் திரும்ப எடுக்கலாம். இவை உண்மையான முன்னேற்றங்கள்.

ஆனால், ஆய்வகத்தில் பெரும்பாலும் மெத்திலீன் நீலம் போன்ற ஒற்றைச் சாயம் கரைத்த நீரில்தான் சோதிக்கிறார்கள். பட்டறைக் கழிவிலோ பல சாயங்களும் காரமும் உப்பும் கலந்திருக்கின்றன. அசோ வகைச் சாயங்கள் பாதியில் உடைந்தால், நிறமில்லாத நச்சு அமீன்கள் மிஞ்சலாம். உப்பை வினையூக்கி அகற்றாது. நீரை வெளியேற்ற அனுமதி இருந்தாலும்கூட, அதில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. அந்த அளவுக்குக் கொண்டுவர எதிர்ச் சவ்வூடுபரவலும் (ஆர்.ஓ.) ஆவியாக்கலும் தேவை.

ஆகவே நாங்கள் கோருவன:

1. எந்தப் புதிய பொருளையும் உள்ளூர்ப் பட்டறைகளின் கழிவுநீரிலேயே, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மேற்பார்வையில் சோதிக்க வேண்டும்.

2. நிறத்தோடு உப்பு, அமீன்கள், வேதி ஆக்சிஜன் தேவை ஆகியவற்றையும் அளந்து, முடிவுகளை ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் ஒட்ட வேண்டும்.

3. நானோ துகள்கள் நீரோடு வெளியேறாதபடி மணிகளிலோ தகடுகளிலோ பதித்தே பயன்படுத்த வேண்டும். பயன்படுத்தித் தீர்ந்த பொருளையும் கசடையும் அபாயக் கழிவாகக் கையாள வேண்டும்.

4. தனியாக ஆர்.ஓ. வைக்க இயலாத சிறு பட்டறைகளுக்கு, அரசின் பங்களிப்போடு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்க வேண்டும். முழுச் சுமையையும் சாயத் தொழிலாளர் தலையில் ஏற்றுவது நியாயமல்ல.

சாயத்தொழிலும் பாசனமும் ஒரே தண்ணீரை நம்பி இருக்கின்றன. ஒன்றைக் காக்க மற்றொன்றைப் பலி கொடுக்கும் எந்தத் திட்டத்தையும் ஏற்க மாட்டோம். பட்டறை உரிமையாளர்களும் நெசவாளர்களும் விவசாயிகளும் ஒரே குரலில் இந்தக் கோரிக்கைகளை மாவட்ட நிர்வாகத்திடம் வைக்க முன்வர வேண்டும் என அழைக்கிறோம்.